இடிப்பதா, இடம் மாற்றுவதா, எழுதி வைப்பதா? பொதுச் சின்னங்கள் பற்றி மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

விளக்குத்தூணைத் தெரியாத மதுரைக்காரர் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கம் போய் வந்தவருக்குப் பெயரைக் கேட்டாலே விலா வலிக்கும். ஆனால் அந்தத் தூண் யாருக்காக நடப்பட்டது என்று ஜவுளிப் பையோடு போகிறவர்களை நிறுத்திக் கேளுங்கள், பத்தில் ஒருவர் சொன்னால் பெரிது. 1840-களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் பிறந்தது அப்போதுதான். அதற்கு நன்றிக் கடனாக எழுந்த விளக்குக் கம்பம் அது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் புகழ்ச் சின்னம் ஊரின் நட்டநடுவில் நிற்கிறது, யாருக்கும் அதன் மேல் கோபமில்லை.

வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் போனால் நிலைமையே வேறு. முத்துராமலிங்கத் தேவர் சிலையை 1974-ல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி திறந்து வைத்தார். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் அக்டோபர் 30 நெருங்கினால் சிலையைச் சுற்றிப் போலீஸ் குவியும், பஸ்களின் வழித்தடம் மாறும். தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். அன்றைக்கு அந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே ஊரில் ஒரு சின்னம் உறங்குகிறது, இன்னொன்று மூச்சு விடுகிறது. இரண்டுக்கும் ஒரே விதி எழுத முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆனால் நம் கோர்ட்டும் அரசாங்கமும் கட்சிகளும் திரும்பத் திரும்ப ஒரே விதியைத்தான் தேடுகின்றன.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு? முடிவெடுக்கும் வேலை நம் வாசலுக்கே வந்துவிட்டது. பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெரு, குடியிருப்புப் பெயர்களில் உள்ள சாதியை எடுக்க அரசாணை வந்தது. ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து கைதூக்கப் போவது நாம்தான். கை தூக்குவதற்கு முன், இந்த மாதிரிச் சண்டையை நம்மைவிட அதிகம் போட்டவர்கள் என்ன செய்தார்கள், நாமே முன்னால் என்ன செய்தோம் என்று பார்த்துவிடலாம்.

பீடத்தில் தேதியைப் பாருங்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோய் 1861-ல் போர் தொடங்கி 1865-ல் தோற்றன. அந்தத் தோற்ற படையின் தளபதி ராபர்ட் ஈ. லீ. ரிச்மண்ட் நகரில் அவருக்குக் குதிரைச் சிலை திறந்தது 1890-ல். சார்லட்ஸ்வில் நகரில் 1924-ல், அதாவது போர் முடிந்து 59 ஆண்டுகள் கழித்து. செத்தவர்களுக்காக அழுவதற்கு வைத்த கற்களும் உண்டு. அவை பெரும்பாலும் போர் முடிந்த கையோடு கல்லறைத் தோட்டங்களில் வைக்கப்பட்டவை. நீதிமன்ற வாசலுக்கும் நகரச் சதுக்கத்துக்கும் சிலைகள் வந்த காலம் வேறு. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பிடுங்கி, ரயில் பெட்டியையும் பள்ளிக்கூடத்தையும் பிரித்து, கும்பல் கூடி மரத்தில் தொங்கவிட்ட காலம் அது. நீதி கேட்டு நீதிமன்றப் படியேறுகிற கறுப்பர், யார் காலடியைக் கடந்து ஏற வேண்டும் என்று சொல்வதற்காக வைத்த சிலை.

தென் கரோலினா தலைமைச் செயலகத்தின் மேல் அந்தத் தோற்ற படையின் கொடி ஏறியதும் 1960-களின் தொடக்கத்தில், கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் சூடுபிடித்தபோதுதான். 2015-ல் சார்ல்ஸ்டன் நகரத்து தேவாலயத்தில் ஜெபம் செய்துகொண்டிருந்த ஒன்பது கறுப்பர்களை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகே செயலக வளாகத்திலிருந்து அது முழுதாக இறங்கியது.

ஆக, ஒரு சிலை யாரைக் காட்டுகிறது என்பதைவிட, அதை வைத்த ஆண்டில் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அதிகம் சொல்லும். நம் ஊரில் இந்த ஆராய்ச்சி சுலபம். எந்தச் சிலையின் பீடத்திலும் தலைவரின் பிறந்த தேதி இருக்கிறதோ இல்லையோ, திறந்து வைத்த அமைச்சரின் பெயரும் தேதியும் கொட்டை எழுத்தில் இருக்கும். முன்னிலை வகித்தவர், வரவேற்புரை ஆற்றியவர் வரைக்கும் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் அந்த வட்டாரத்தில் என்ன தகராறு நடந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் போதும்.

‘அங்கே இனம், இங்கே சாதி, இரண்டையும் எப்படி ஒன்றாகப் பேசலாம்’ என்று கேட்பவர்கள் உண்டு. 2001-ல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன, இந்திய அரசு கூடாது என்றது. அந்த வழக்கை இங்கே தீர்க்க எனக்கு உத்தேசமில்லை. பொது இடத்தில் நிற்கும் ஒரு பொருளைக் கடந்து போகும்போது யார் தலை நிமிர்கிறது, யார் தலை குனிகிறது என்ற கேள்வி இரண்டு ஊருக்கும் பொது. அது போதும்.

நீல் சிலை: இறக்கி வைத்த கதை

சிலையை இறக்குவது அமெரிக்காவிலிருந்து வந்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் 1927-ஐப் படிக்க வேண்டும். 1857 கிளர்ச்சியை அடக்க மெட்ராஸ் படையோடு வடக்கே போனவர் கர்னல் நீல். காசியிலும் அலகாபாத்திலும் கண்ணில் பட்டவர்களை மரத்துக்கு மரம் தொங்கவிட்டவர். கான்பூரில், பிடிபட்டவர்களைச் சாட்டையால் அடித்து, தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நாக்கால் துடைக்க வைத்துப் பிறகு தூக்கிலிட்டவர். லக்னோவில் செத்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்தச் சாலையில் போனவர்களெல்லாம் அவரைக் கடந்துதான் போனார்கள்.

1927-ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தொண்டர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். சுத்தியலோடும் உளியோடும் போய், சிலையில் ரெண்டு அடி போட்டு, கைதாகி, ஜெயிலுக்குப் போவார்கள். அடுத்த அணி வரும். கடலூர் அஞ்சலையம்மாள் ஒன்பது வயது மகளோடு போய் ஜெயிலுக்குப் போனார். செப்டம்பரில் சென்னை வந்த காந்தி, வன்முறை கூடாது என்ற நிபந்தனையோடு போராட்டத்தை ஆதரித்தார். விருதுநகர் இளைஞர் காமராஜும் இதில் தீவிரமாக இருந்தார். சிலை உடனே போகவில்லை. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் மவுண்ட் ரோட்டிலிருந்து இறங்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அதே சாலையில் இன்னொரு வெள்ளைக்காரரும் இருந்தார், இன்றும் சேணமில்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். தாமஸ் மன்றோ. அவரை யாரும் தொடவில்லை. ‘வெள்ளைக்காரன் சிலை எல்லாவற்றையும் எடு’ என்று அந்தப் போராட்டம் கேட்கவில்லை. இந்த மனிதன் இதைச் செய்தான், அதனால் இவன் மேலே நிற்கக் கூடாது என்று மட்டும் கேட்டது. ஆளைப் பார்த்து, செயலைப் பார்த்துத் தீர்ப்பு. இன்றைக்கு ஒட்டுமொத்தமாக வரும் உத்தரவுகளில் இந்த நிதானம் இல்லை.

குறையும் உண்டு. சிலை போனதோடு கதையும் போய்விட்டது. மவுண்ட் ரோட்டில் நீல் நின்ற இடம் எது என்று இன்றைக்குச் சென்னைக்காரருக்கே தெரியாது. உளி எடுத்துப் போன தென்மாவட்டத்துத் தொண்டர்களின் பெயர்களை மதுரையில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லாது. அவமானத்தை எடுத்தோம், அதை எடுத்தவர்களின் நினைவையும் சேர்த்து எடுத்துவிட்டோம்.

இங்கேதான் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டன் 1721-ல் செத்தார், சிலை வந்தது 1895-ல். (தேதியைப் பாருங்கள் என்றேன் அல்லவா.) சிலையை எடுக்க வேண்டாம், அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு பலகை வைத்தால் போதும் என்று நகர மன்றம் இறங்கி வந்தது. பலகையில் என்ன எழுதுவது? அதில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு தரப்பு எழுதியதை மற்றத் தரப்பு வெட்டியது, வெட்டியதைத் திரும்ப எழுதினார்கள். கடைசியில் 2019-ல் பலகை தயாராகியும் வைக்கப்படவில்லை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்துச் சிலையைத் துறைமுகத்துத் தண்ணீரில் தள்ளியது. பிறகு நகர நிர்வாகம் செய்த வேலைதான் கெட்டிக்காரத்தனம். சிலையை வெளியே எடுத்து, மேலே பூசிய பெயின்டைத் துடைக்காமல், நிமிர்த்தி வைக்காமல், அருங்காட்சியகத்தில் படுத்த வாக்கிலேயே காட்சிக்கு வைத்தார்கள். கோல்ஸ்டன் கதையும் இருக்கிறது, அவரைத் தள்ளியவர்கள் கதையும் அந்தப் பெயின்டில் இருக்கிறது.

சார்லட்ஸ்வில் லீ சிலைக்கு வேறு முடிவு. 2017-ல் அதை எடுக்கக் கூடாது என்று வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் வந்தபோது, எதிர்ப்பாளர் கூட்டத்துக்குள் காரை ஏற்றியதில் ஹெதர் ஹையர் என்ற பெண் இறந்தார். 2021-ல் சிலை இறங்கியது. 2023-ல் உருக்கிவிட்டார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் உருக்கினால் திரும்ப யாரும் வந்து ‘அப்படி ஒன்றும் இல்லவே இல்லை’ என்று சொல்லும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. நான் நீலுக்கும் கோல்ஸ்டனுக்கும் நடந்ததை உருக்குவதைவிட மேலாகவே வைப்பேன். இரண்டில் கோல்ஸ்டனை.

எல்லார் பெயரையும் எடுத்தால்?

இந்த வழியில் நமக்கு அனுபவம் அதிகம். 1990-களில் தமிழ்நாட்டில் மாவட்டங்களுக்கும் அரசு பஸ் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர். சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், விருதுநகர் காமராஜர் மாவட்டம், தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் விருதுநகர் மாவட்டத்துப் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் இருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். தலித் சமூகத்து வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பித் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த ஆண்டே அரசு ஒரேயடியாக எல்லா மாவட்டப் பெயர்களிலும் எல்லாக் கழகப் பெயர்களிலும் இருந்த தலைவர்களை இறக்கியது. நம் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும் அதோடு போய் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. எங்கள் தலைமுறை இன்னும் ‘பாண்டியன் பஸ்’ என்றுதான் சொல்கிறது.

நெருப்பை அணைக்க அது உதவியது. மறுப்பதற்கில்லை. அன்றைக்கு அதிகாரத்தில் இருந்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மற்ற தலைவர்களுக்கு ஊர் ஊராகச் சிலையும் மண்டபமும் பாடப்புத்தகப் பக்கமும் ஏற்கெனவே இருந்தன. பஸ்ஸிலிருந்து பெயர் போனதில் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. சுந்தரலிங்கத்துக்கு அப்போதுதான் வந்தது, வந்த வேகத்தில் போனது. எல்லாருக்கும் சமமாகத் தெரிகிற ஒரு முடிவில், எதிர்த்தவர்கள் கேட்டது நடந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்த வழி இன்னொரு கோணலில் போனது. தோற்ற படையின் தளபதி பிராக்ஸ்டன் பிராக் பெயரில் வட கரோலினாவில் ஒரு பெரிய ராணுவ முகாம் இருந்தது. 2023-ல் அதை ஃபோர்ட் லிபர்ட்டி ஆக்கினார்கள். 2025-ல் ஆட்சி மாறியதும் மறுபடி ஃபோர்ட் பிராக். ‘இது அந்தப் பிராக் இல்லை, இரண்டாம் உலகப் போரில் போரிட்ட ரோலண்ட் பிராக் என்ற சிப்பாய்’ என்று விளக்கம். சட்டத்துக்கும் தப்பு இல்லை, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் போய்ச் சேர்ந்துவிட்டது. நம்ம ஊர் வட்டச் செயலாளருக்குக்கூட இந்த யோசனை தோன்றியிருக்காது.

மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் என்ற சண்டை இப்போதும் ஓடுகிறது. தேவர் பெயரை ஒரு தரப்பு கேட்கிறது. 1957-ல் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரன் பெயரை இன்னொரு தரப்பு கேட்கிறது. இதில் மட்டும் நான் 1997 கட்சி. ‘மதுரை’ என்று இருக்கட்டும். புதிதாக ஒருவருக்கும் கொடுக்காமல் இருப்பது வேறு, கிடைத்தவரிடமிருந்து பிடுங்குவது வேறு.

கூண்டு என்னும் நம் கண்டுபிடிப்பு

வெளிநாட்டு ஒப்பீடுகளில் இல்லாத ஒரு வழி நம்மிடம் உண்டு. சிலைக்குக் கம்பிக் கூண்டு. மதுரையிலிருந்து எந்தத் திசையில் போனாலும், சாலையோரம் அம்பேத்கர் சுட்டு விரலை நீட்டியபடி இரும்பு வலைக்குள் நிற்பார். வருஷத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து மாலை போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டுவார்கள். மாலையை மாட்டுகிறவர் வலையில் முழங்கையை இடித்துக்கொண்டுதான் இறங்குவார், அவ்வளவு இடம்தான் உள்ளே. சில இடங்களில் அந்த வலைக்கு அரசியல் கட்சி வர்ணம் வேறு அடித்திருப்பார்கள். இடிக்கவும் முடியாமல், காப்பாற்றவும் முடியாமல், போலீஸ் எடுத்த முடிவு இது. தாக்கியவர்களைப் பிடித்து உள்ளே வைப்பதைவிட, தாக்கப்பட்டவரை உள்ளே வைப்பது சுலபம். இதை ஒரு வழியாக எண்ணவே எனக்கு மனசில்லை. ஆனால் எண்ணிக்கையில் இதுதான் நம் முதல் வழி.

சிலைகளையெல்லாம் சாலையோரத்திலிருந்து எடுத்துத் ‘தலைவர்கள் பூங்கா’ அமைத்து அதில் வைக்கச் சொல்லி 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. டெல்லியில் அப்படி ஒன்று இருக்கிறது. இந்தியா கேட் எதிரே நின்ற ஐந்தாம் ஜார்ஜை 1960-களில் எடுத்துக் கொண்டுபோய் முடிசூட்டுப் பூங்காவில் நிறுத்தினார்கள். வெளியேறிய மன்னருக்கு அந்தச் சிலை குடோன் சரி. அம்பேத்கருக்கும் பெரியாருக்கும் அதே குடோனா?

சுவர் மட்டும் விதிவிலக்கு

இதுவரை பேசியவை நினைவுச் சின்னங்கள். உத்தப்புரத்துச் சுவர் அந்த வகையில் வராது. 1989 கலவரத்துக்குப் பிறகு தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய சுவர் அது. 2008 மே 6 அன்று அதிகாரிகள் அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். எதிர்த்தவர்கள் ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். அப்போது சில படித்த நண்பர்கள், ‘வரலாற்றுச் சான்றாக விட்டிருக்கலாமே’ என்று பேசினார்கள். சான்று என்பது வேலை முடிந்த பொருள். அந்தச் சுவர் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிப் போக வேண்டியிருக்கிற வரைக்கும் அதில் தொல்லியல் பேச ஒன்றுமில்லை, கடப்பாரைதான்.

இல்லாததை எழுப்புவது

அலபாமாவில் மான்ட்கோமரி நகரில் 2018-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். கும்பல் கொலைக்கு ஆளான 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பர்களுக்காக. 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள். மாவட்டத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் அந்த மாவட்டத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் தேதியும். நடக்க நடக்கத் தரை கீழே இறங்கும், தூண்கள் தலைக்கு மேல் தொங்கும். வெளியே புல்தரையில் அதே தூண்களுக்கு இன்னொரு பிரதி, வரிசையாகப் படுத்திருக்கின்றன. அந்தந்த மாவட்டத்துக்காரர்கள் வந்து ‘ஆமாம், எங்கள் ஊரில் நடந்தது’ என்று ஏற்று எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்காத தூண், எடுக்காத ஊரைக் காட்டிக்கொடுத்தபடி அங்கேயே கிடக்கும். லீ சிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் லீ சிலைகளுக்குப் பதில் சொன்ன வேலை இது.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமாக இரண்டு இடங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஒன்று. வெள்ளைக்காரன் சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இந்த வட்டாரத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். ஆம்பிளைகள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வேண்டும். ரத்தத்திலேயே குற்றம் இருக்கிறது என்பது இனவாதம் இல்லாமல் வேறென்ன? ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிறமலைக் கள்ளர் கூட்டத்தின் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ல் கூடுகிறார்கள்.

மற்றது மேலூர்ப் பக்கத்து மேலவளவு. தனித்தொகுதியாக அறிவித்த ஊராட்சியில் தலைவராக ஜெயித்ததற்காக முருகேசனையும் உடன் வந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவர்களைப் புதைத்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது. ஜூன் 30-க்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெருங்காமநல்லூருக்கு ஒரு சாதி போகிறது, மேலவளவுக்கு இன்னொரு சாதி போகிறது. இரண்டுமே மதுரை மாவட்டத்துக் காயங்கள். ஒரே பள்ளிச் சுற்றுலாவில் ஒரே பஸ்ஸில் இரண்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாதா? இருக்கிற சிலைகளை என்ன செய்வது என்று மண்டையை உடைப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு, போலீசும் வேண்டாம்.

நம்ம சிலையை இறக்கினால்?

லீயையும் கோல்ஸ்டனையும் இறக்கச் சொல்ல நமக்கு வலிக்காது. அதனால் ஒரு சோதனை. 2016-ல் கானா பல்கலைக்கழகத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி காந்தி சிலையைத் திறந்து வைத்தார். தென்னாப்பிரிக்காவில் இளம் வயதில் ஆப்பிரிக்க மக்களை இழிவாக எழுதியவர் காந்தி என்று பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலை இறங்கியது.

மேல மாசி வீதியில் 1921-ல் மேல்சட்டையைக் கழற்றி நாலு முழ வேட்டிக்கு மாறியவர், மதுரைக்கு அந்தக் காந்தி. தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியத்தில் அவர் ரத்தம் படிந்த துணியைக் கண்ணாடிக்குள் பார்த்து வளர்ந்த ஊர் இது. கானா தலைநகர் அக்ராவில் இறக்கினால் நமக்கு என்னவோ செய்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன், கானாக்காரர்கள் செய்தது நியாயம்தான். அது அவர்கள் வளாகம், அவர்கள் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டிய பீடம். அதற்காக நம் மியூசியத்தை மூட வேண்டியதில்லை, அந்த இளவயது எழுத்தைப் பற்றி அங்கே ஒரு பலகை வைத்தால் காந்தி குறைந்தும் போய்விட மாட்டார். ஒருவரைப் பீடத்தில் ஏற்றுவது மரியாதை. மரியாதையை அதைக் கடந்து போகிறவர்கள்தான் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்க முடியாது.

காயத்தின் பெயராக இருந்தால் கணக்கு மாறும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறக்குறைய 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. சந்துரு குழு அந்தப் பெயரையும் எடுக்கச் சொன்னது. இந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது, அதைச் சாதிப் பெருமை என்று சென்னையில் பலர் எளிதாகத் தள்ளினார்கள். ஓரளவு அதுவும் இருக்கலாம். ஆனால் ரேகை வைக்க வைத்த அரசு, பதிலுக்குக் கொடுக்க நேர்ந்த பள்ளியும் விடுதியும் அவை. பெயர் போனால் அந்தக் கடனும் கணக்கிலிருந்து போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் இதே பயம் உண்டு. அதே சமயம் அந்தப் பலகை மாட்டிய பள்ளியில் வேறு சாதிப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டேன் என்கிற பெற்றோரும் உண்டு, மாற்றுச் சான்றிதழில் அந்தப் பெயரைப் பார்த்து முகம் மாறுகிற ஆள்களும் உண்டு. இங்கே முடிவு அந்தப் பெயரைச் சுமக்கிறவர்கள் கையில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயரை மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் 1911, 1920 கதையைச் சொல்லும் கல் ஒன்று முதலில் நட்டாக வேண்டும். கல் நட்ட பிறகு பலகையைக் கழற்றட்டும். வரிசை மாறினால் நான் எதிர்ப்பேன், ஏனென்றால் பலகையைக் கழற்றிய பிறகு கல்லுக்கு நிதி ஒதுக்கிய அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை.

தெருப் பெயருக்கும் இதையே சொல்வேன். ஊர்க் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கையில் எழுதிக்கொண்டு போங்கள். தெருவின் பழைய பெயரை எந்த ஆண்டு, யார் வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் பேசட்டும். புதுப் பெயருக்கு எந்தக் கட்சித் தலைவரும் வேண்டாம், பூப் பெயரோ ஊருணியின் பெயரோ போதும். புதுப் பலகையின் கீழே சின்ன எழுத்தில் பழைய பெயரும், மாற்றிய ஆண்டும், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரியும் இருக்கட்டும். அந்த வரியைத் தீர்மானத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிரிஸ்டல் கதைதான். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கில் முகவரி மாற்ற ஆகிற செலவையும் ஒரு நாள் கூலியையும் ஊராட்சி ஏற்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேருங்கள். அலைச்சல் முழுவதும் அந்தத் தெருக்காரர்கள் தலையில்தான் விழும்.